ஃபோனுக்கு வந்த கண்வலி

“ஃபோனுக்குக் கண்வலி வருமாக்கா?” என்று தம்பி ஒருமுறை கேட்டான். அப்போது வீடே சிரித்தது. இந்தச் சனிக்கிழமை யாருக்கும் சிரிப்பு வரவில்லை.

அம்மா தையல்காரி. ஒரு நாடகக் குழுவுக்காக ராஜா அங்கி ஒன்றை மாதிரிக்குத் தைத்து முடித்திருந்தாள். அதன் படத்தை நான்கு மணிக்குள் அனுப்ப வேண்டும். பிடித்துவிட்டால் முப்பது உடைகளும் அவளுக்கே. இல்லையென்றால் வேலை வேறு கடைக்குப் போய்விடும்.

மணி மூன்றேகால். ஃபோன் கேமராவில் எல்லாமே மங்கலாகத் தெரிந்தது. படம் நடுங்கவும் செய்தது.

அக்காவுக்கு ஒன்பது வயது. ஓரிடத்தில் நிற்காததால் வீட்டில் அவளுக்குச் ‘சக்கரம்’ என்று பெயர். அவள் கேமராவைத் துடைத்தாள். ஃபோனை அணைத்துவிட்டு மறுபடி போட்டுப் பார்த்தாள். ஜன்னலுக்கும் மாடிக்கும் ஓடி ஓடி எடுத்துப் பார்த்தாள். வேறு ஃபோன் கேட்கலாம் என்றால் பக்கத்து வீடு பூட்டியிருந்தது.

“ராஜா பேய் மாதிரி வர்றாரும்மா,” என்றாள். உடனே தம்பி பக்கம் திரும்பினாள். “எல்லாம் இவனாலதான். புதன்கிழமை கீழ போட்டான்ல?”

“மெத்தை மேலதான் போட்டேன்,” என்றான் தம்பி. அவன் மடியில் பொம்மை ரயில் இருந்தது. நான்கு நாளாக அதன் எஞ்சினில் பெட்டிகள் ஒட்டவில்லை.

அம்மா திட்டவில்லை. பெருமூச்சு மட்டும் விட்டாள். அதற்கே அவன் கண் கலங்கிவிட்டது.

சக்கரம் பழைய படங்களைத் தள்ளிக்கொண்டே போனாள். விரல் சட்டென்று நின்றது. செவ்வாய் மதியம் எடுத்த படம் பளிச்சென்று இருந்தது. செவ்வாய் மாலைப் படமே மங்கல். தம்பி ஃபோனைப் போட்டது அதற்கு மறுநாள்தானே?

அப்படியானால் செவ்வாய் மாலை என்ன நடந்தது?

அவளுக்கு முகம் சூடானது. அன்றுதான் அம்மாவின் ஊசிகள் தொலையாமல் ஒட்டிக்கொள்ளட்டும் என்று, ஃபோன் கவருக்குள் ஒரு சின்னக் காந்தத்தைச் செருகினாள். அம்மா பாராட்டினாள். காந்தம் எங்கே கிடைத்தது என்று கேட்கவில்லை. அவளும் சொல்லவில்லை.

கவரைக் கழற்றினாள். கேமராவுக்குப் பக்கத்திலேயே இருந்தது காந்தம். அதை எடுத்ததும் ராஜா அங்கியின் ஜரிகை இழை இழையாகத் தெரிந்தது.

மூன்று ஐம்பதுக்குப் படங்கள் போய்ச் சேர்ந்தன. சிறிது நேரத்தில் பதில் வந்தது. அம்மா அதை இரண்டு முறை படித்துவிட்டுக் கண்ணை மூடிக் கைகூப்பினாள்.

“நீ உடைக்கலடா. நான் வச்ச காந்தம்தான் கெடுத்துச்சு. உன்மேல பழி போட்டது தப்பு,” என்றாள் சக்கரம்.

“நான்தான் அப்பவே சொன்னேனே,” என்று தம்பி நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு தெருவுக்கு விளையாட ஓடினான். அம்மா துணி எடுக்க மாடிக்குப் போனாள்.

சக்கரம் கதவைப் பார்த்தாள். யாரும் இல்லை. தம்பியின் எஞ்சினை எடுத்து, தான் பெயர்த்த இடத்திலேயே காந்தத்தைப் பசை வைத்து ஒட்டினாள். அது காயும்வரை விரலை எடுக்கவில்லை. பிறகு பெட்டியை அருகில் கொண்டுபோனாள். ‘டக்’கென்று ஒட்டிக்கொண்டது.

ரயிலை அது இருந்த இடத்திலேயே வைத்தாள். அன்று காலையிலிருந்து முதல்முறையாக, சக்கரம் ஓரிடத்தில் உட்கார்ந்தாள்.