மூன்று கோட்டிங் இதயம்

பெண் பார்க்க வந்தவர்கள் சுவரில் தெரிந்தார்கள். பெண்ணின் இதயம் எதிர்ச்சுவரில் துடித்துக்கொண்டிருந்தது. நிலவின் வெண்மேட்டில் பெண் வீட்டாரும் நிழல்பள்ளத்தில் மாப்பிள்ளை வீட்டாரும், அச்சியந்திரம் பிழிந்து தந்த பஜ்ஜியை மென்றபடி அதைப் பார்த்தார்கள்.

நிலவுக் குடியிருப்புகளில் ஜாதகம் கேட்பதில்லை. ஈர்ப்புவிசை குறைந்த இடத்தில் இதயம் சோம்பேறியாகிவிடும். ஆகவே இதயப்படம் கேட்பார்கள். நெஞ்சில் ஒட்டிய வில்லை மீயொலியை உள்ளே அனுப்பி, திரும்பி வருவதை அசையும் படமாக்கும். அந்தப் படம் சாம்பல் மழைக்கு நடுவே தெரிவதுபோல் இருக்கும். சாம்பலுக்குப் புள்ளிப்பனி என்று பெயர். அதைத் துடைக்கும் மென்பொருள் பனிநீக்கி. மருத்துவர்களுக்காகக் கண்டுபிடித்ததுதான், கல்யாணத் தரகர்கள் வாங்கித் தீர்த்தார்கள்.

நித்திலாவுக்குப் பிழைப்பே பனிநீக்குவதுதான். தன் படத்துக்கு ஒரு கோட்டிங், அதாவது ஒரு தடவை துடைத்தால் போதும் என்றுதான் சொன்னாள். அம்மா சௌந்தரவல்லி விடவில்லை.

“பக்கத்து வீட்டுப் பொண்ணுக்கு அஞ்சு கோட்டிங்டி. இதயமா, ரோஜாப்பூவான்னு கேட்டாங்களாம்.”

மூன்றில் சமரசம் ஆனது.

மாப்பிள்ளை இளம்பரிதி சுரங்கப் பொறியாளன். வாய் திறக்கவில்லை. அவனுக்கும் சேர்த்து அவன் அத்தை குணவதி திறந்தாள்.

“படம் பளிங்கு மாதிரி இருக்கே. எதையாச்சும் மறைக்கிறீங்களா?”

“மறைக்க என்னங்க இருக்கு?” என்றாள் சௌந்தரவல்லி.

“அப்ப பனியோடவே காட்டுங்களேன்.”

“காட்டறேங்க,” என்றாள் நித்திலா. “அவர் படத்தையும் அப்படியே போடுங்க.”

காமிராவுக்குத் தெரியாமல் அம்மா அவள் தொடையைக் கிள்ளினாள்.

“தாராளமா! எங்க புள்ள இதயம் குதிரை மாதிரி!” என்றாள் குணவதி.

இரண்டு பக்கமும் பனிநீக்கியை அணைத்தார்கள். சாம்பல் கொட்டியது. நித்திலாவின் இதயம் அழுக்காகத் தெரிந்தாலும் ஒழுங்காக வேலை பார்த்தது. குதிரையைக் கவனித்தவள், தான் பெண் பார்க்கப்படுபவள் என்பதையே மறந்து எழுந்து சுவரருகே போனாள். நாலைந்து துடிப்புக்கு ஒருமுறை, வால்வின் ஓர் இதழ் பின்பக்கமாக மடங்கித் திரும்பியது.

“மேடு ஏறினா மூச்சு வாங்குதா?”

“கொஞ்சம்,” என்றான் இளம்பரிதி. “சுரங்கத் தூசின்னு நினைச்சேன்.”

“தூசி இல்லைங்க. வால்வு ஒழுகுது.”

“முந்தி பார்த்தப்ப இல்லையே!” என்றாள் அத்தை.

“பனிநீக்கி முன்படத்தையும் பின்படத்தையும் ஒப்பிடும். திரும்பத் திரும்ப வர்றதை வச்சுக்கும். எப்பவாச்சும் வர்றதைப் பனின்னு துடைச்சிடும். எத்தனை கோட்டிங் போட்டீங்க?”

“ஆறு.” அத்தையின் குரல் முதல்முறையாகத் தணிந்தது. “டாக்டருக்கும் அதையேதான் அனுப்பினோம். பிரமாதம்னு சொன்னாரு.”

யாரும் பஜ்ஜியைத் தொடவில்லை.

“பயப்படாதீங்க. இப்பவே பார்த்தா தைச்சிடலாம்,” என்றாள் நித்திலா. அத்தை அதற்குள் ஆஸ்பத்திரி எண்ணை அழுத்திக்கொண்டிருந்தாள்.

தைத்தார்கள். அடுத்த மாதம் இளம்பரிதி தனியாக அழைத்தான். ஒரு சுவரில் அவன் முகம். மறு சுவரில் சாம்பல் மழையோடு அவன் இதயம். நித்திலா வெகுநேரம் பார்த்தாள். ஒவ்வொரு துடிப்புக்கும் இதழ்கள் ஒழுங்காக மூடின.

“நல்லா இருக்கு.”

“அத்தை உங்களைத்தான் கட்டிக்கணும்னு ஒத்தக்கால்ல நிக்கிறாங்க.”

“நீங்க?”

“நான் ரெண்டு கால்லயும் நிக்கிறேன். ஆனா ஒரு சந்தேகம். நீங்க சிரிக்கும்போதெல்லாம் கன்னத்துக் குழி வந்து வந்து அழியுதே. முகத்துக்கு எத்தனை கோட்டிங்?”

நித்திலா விழித்தாள். “ரெண்டு. நீங்க மட்டும் என்ன? இப்பத் தும்மினப்ப உங்க மூக்கையே காணோம்.”

“நாலு. அத்தை போட்டுவிட்டது.”

இரண்டு குடும்பத்துக்கும் நெஞ்சுக்குள் இருப்பதைத் திறந்து காட்டியவள், கன்னத்துப் பருத்தழும்பைக் காட்டத் தயங்கினாள்.

“மூணு எண்ணுவேன். சேர்ந்து அணைக்கணும். ஒண்ணு…”

அவன் ஒன்றுக்கே அணைத்துவிட்டான். மூக்கு சற்றுக் கோணல்தான். மறுபடி தும்மினான். மூக்கு இருந்த இடத்திலேயே இருந்தது.

நித்திலா சிரித்தபடியே அணைத்தாள். குழி அழியவில்லை.