தின்னாமல் வளர்வது

"சாப்பிடவே இல்லையெண்டால் எப்பிடி அத்தான் நிறை கூடும்?"

"அதைத்தான் நானும் பாக்கிறன்."

கிருஷிகன் தராசிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. அவன் மனைவி தர்மினி புட்டுக்கு மா நிறுக்கிற தராசு அது. அதன் மேல் மூடி போட்ட ஐஸ்கிரீம் டப்பா ஒன்று இருந்தது. டப்பாவுக்குள்ளிருந்து மெல்லிய தட்டல் கேட்டது. டுக். டுக். முட்டையை விட்டு வெளியே வந்த நாளிலிருந்து அந்தப் பாம்புக்குட்டியின் தலை ஓரிடத்தில் நின்றதில்லை. ஆடி ஆடிச் சுவரில் முட்டும். வைத்த எலிக்குஞ்சு ஒன்றையும் அது தொட்டதில்லை. ஆனாலும் போன கிழமையைவிட இந்தக் கிழமை அது பாரம்.

தாய் ஆபிரிக்க மலைப்பாம்பு, தகப்பன் அவுஸ்திரேலியாவில் காணப்படுகிற வேறொரு மலைப்பாம்பு. நடுவில் ஒரு சமுத்திரம் இருக்கிறது, காட்டில் ஒருநாளும் ஒன்றையொன்று கண்டிருக்காது. ஒஸ்லோவின் ஓரத்தில், ஸ்டொவ்னரில், ஒரு மாடிக் குடியிருப்பின் பின்னறையில், வெப்ப விளக்கின் கீழே, அவன் இரண்டையும் சேர்த்து வைத்தான். மற்ற முட்டைகளுக்குள் இருந்தவை ஓட்டுக்குள்ளேயே செத்துப்போயின. இது மட்டும் வந்தது. உலகத்தில் இப்படி ஒன்று எத்தனை பேரிடம் இருக்கும் என்று அவன் கேட்டபோது அவன் முகத்தில் இருந்த பெருமையைத் தர்மினி அவர்களுடைய கலியாண நாளில்கூடக் கண்டதில்லை.

அந்தப் பின்னறை பிள்ளைக்கென்று ஒதுக்கியது. அவளுக்கு இது ஐந்தாம் மாதம். பிள்ளை பிறக்க முன்னம் எல்லாவற்றையும் அப்புறப்படுத்துவேன் என்று அவன் சொல்லியிருந்தான். திராமன் நகரத்திலிருந்து ஒருவர் வந்து வாங்குவார் என்றான். பிறகு, அது ஒருதரமாவது தின்றால்தான் அவர் வாங்குவார் என்றான். அவள் ஒவ்வொரு நாளும் கேட்டாள். அவன் ஒவ்வொரு நாளும் ஓம் என்றான். மூடிய பின்னறைக் கதவைப் பார்த்தபடி தலையசைப்பவனோடு என்னத்தைக் கதைப்பது?

பொழுதுபட்ட பிறகு பாம்பின் பெயரைச் சொல்லக்கூடாது என்று வளர்ந்தவள் அவள். டிசம்பரில் ஒஸ்லோவில் மத்தியானச் சோறு செமிக்க முன்னமே பொழுது பட்டுவிடும். ஆகவே சண்டை முழுவதும் 'அது' என்ற ஒரு சொல்லோடேயே நடந்தது. பெயர் சொல்லாமல் கோபப்படுவது, கையைக் கட்டிக்கொண்டு அடிக்கப் போவதுபோல இருந்தது.

தலை நிற்காத ஒரு சீவனைப் படைத்துவிட்டு அது ஆடுவதை இருந்து பார்ப்பது பாவம் என்றாள். வேதனைப்படாமல் முடித்துவிடச் சொன்னாள். அதுக்கு வேதனை இல்லை என்றான். மிருக வைத்தியரிடம் காட்டி அதைச் சொல்லட்டும் என்றாள். அதற்கு மட்டும் அவன் சிரித்தான். இந்த நாட்டில் இவற்றை வளர்ப்பதே குற்றம், வைத்தியர் பொலிசுக்குத்தான் முதலில் போன் அடிப்பார். அவளுடைய நிரந்தர வதிவிட அனுமதி இன்னும் வரவில்லை. அவளுக்கும் வாய் திறக்க வழியில்லை.

அந்தக் கிழமை மருத்துவிச்சி நாடாவால் அவள் வயிற்றை அளந்தாள். முகம் சுழித்து, திரும்ப அளந்தாள். போன தரம் இருந்ததைவிட வயிறு சிறுத்திருந்தது. நன்றாகச் சாப்பிடுகிறாயா என்று கேட்டாள். பிறகு, புருசன் சொந்தக்காரனா என்று கேட்டாள். தாய்மாமன் மகன் என்று தர்மினி சொன்னதும் அந்த முகத்தில் ஒரு தெளிவு வந்தது. காரணம் கிடைத்துவிட்டது. மேலே கேட்க ஒன்றுமில்லை.

வீட்டுக்கு வந்து அதைச் சொல்லும்போது கிருஷிகன் டப்பா போதாமல் குட்டியைப் பெரிய பெட்டி ஒன்றுக்கு மாற்றிக்கொண்டிருந்தான். அவளுடைய மணிக்கட்டு அளவு தடித்திருந்தது.

"வளர்ந்த பிறகு தாயோடை திருப்பிச் சேர்த்தால், அடுத்த சூலிலை இந்தத் தலையாட்டம் நிண்டாலும் நிக்கும்" என்றான்.

"தாயோடையோ? உங்களுக்கு விசரே?"

"நீ என்ர அப்பாவின்ர கூடப்பிறந்தவளின்ர மகள். எங்களைக் கட்டிவைக்கேக்கை ஆரும் விசரெண்டவையே?"

அவள் அறையை விட்டு வெளியே வந்தாள்.

மறுநாள் வேலையால் வந்தவள் உடுப்பு மாற்றாமல் சோபாவில் சரிந்தாள். அவன் இன்னும் வரவில்லை. வெளியே பனி வழிக்கும் வண்டி தார் றோட்டைச் சுரண்டிக்கொண்டு தூரமாய்ப் போக, சுவரோரத்து ஹீற்றர் சூடேறிக் கிறுகிறுக்க, பின்னறைக் கதவின் கீழிருந்து பெட்டிகளில் விரித்த ஈரத் தென்னந்தும்பின் புழுங்கல் வாடையும் அதற்கடியில் பச்சை இறைச்சியைப்போல ஒரு வாடையும் தவழ்ந்து வர, அவள் அந்தத் தட்டல் சத்தத்துக்காகத் தன்னையறியாமல் காது கொடுத்தபடியே உறங்கிப்போனாள்.

வயிற்றில் ஒரு அசைவு அவளை எழுப்பியது.

பிள்ளை, என்று நினைத்தாள். இத்தனை நாள் அசையாத பிள்ளை. சந்தோசத்தில் மூச்சு நின்றது. கையை மெல்ல வயிற்றுக்குக் கொண்டுபோனாள்.

அசைவு உள்ளே இல்லை.

பாரம். இளஞ்சூடு. மேலே.

தட்டல் கேட்கவில்லை. எவ்வளவு நேரமாய்க் கேட்கவில்லை?

சட்டை விலகியிருந்தது. தோலோடு தோலாய் அது சுருண்டு கிடந்தது. நேற்று மணிக்கட்டு அளவு. இப்போது அவள் முழங்கை அளவு. தலை மட்டும் உயர்ந்து நின்றது. ஆடவில்லை. ஊசிபோல, அவள் தொப்புளுக்கு நேரே.

வாசல் பூட்டில் திறப்புத் திரும்பும் சத்தம். காலணியில் பனியைத் தட்டும் சத்தம். கிருஷிகன் வாசலில் நின்றான்.

அவள் உதடு மட்டும் அசைந்தது. "எடுங்கோ."

அவன் ஓடிவரவில்லை. தொப்பியை மெதுவாகக் கழற்றினான். கலியாண நாளிலும் காணாத அந்த முகம்.

"அசையாதை" என்றான், கோயிலில் கதைப்பதுபோல. "தலை நேரா நிக்குது, பார். தின்னப்போகுது போல கிடக்கு."

தாடை விரிந்தது. உள்ளே வெளிறிய ரோஸ் நிறம். அவள் வயிற்றுக்குள், முதல்தரமாக, பிள்ளை உதைத்தது.

"அத்தான், இதை எடுங்கோ."