ஏலாக்குறிச்சி அளவு

காலை எட்டரைக்கு ஏலாக்குறிச்சியிலிருந்து வந்த மழையளவு 31 மில்லிமீட்டர். பெரம்பலூர், அரியலூர் இரண்டு மாவட்டத்திலும் அன்று சொட்டு மழை இல்லை. வங்கக் கடலில் கிடந்த தாழ்வுப் பகுதி புயலாகுமா ஆகாதா என்று வானிலை ஆர்வலர்களின் போன் குழுவில் நாலு நாளாக ஆளுக்கொரு படத்தைப் போட்டு அடித்துக்கொண்டிருந்தார்கள். அதுவோ நடுக்கடலை விட்டு நகரவே இல்லை. குரும்பலூரில் உட்கார்ந்து எல்லாருடைய அளவுகளையும் தொகுக்கும் பிரேம்குமார் அந்த எண்ணை இரண்டு தடவை பார்த்தான். ஏலாக்குறிச்சி அளவை அனுப்பியவள் அவன் மனைவி சிவரஞ்சனி. ஏழு மாதக் கர்ப்பிணி. பிறந்த வீட்டுக்குப் போனவள் கையில் ஒரு மழைமானியையும் கொடுத்தனுப்பிய புண்ணியவான் அவன்.

போன் போட்டான்.

"மானியில யாராச்சும் தண்ணி ஊத்திட்டாங்களா?"

"யாருங்க ஊத்துவா? மாடிச் சாவி எங்கிட்டத்தான் இருக்கு. இங்க வெயிலு மண்டையப் பொளக்குது."

அவள் குரலுக்குப் பின்னால், தகரக் கொட்டகைமேல் கனமழை அடிக்கிற சத்தம் விடாமல் கேட்டது.

அப்போதே கிளம்பி வரச் சொல்லியிருக்க வேண்டும். பைத்தியக்காரன், "மானியக் கொட்டிட்டு மணிக்கொரு தடவ அளந்து அனுப்பு. எங்கயும் போயிடாத" என்றான். எவனுக்கும் கிடைக்காத அளவு தனக்குக் கிடைக்கிறது என்ற அற்ப ஆசை.

ஒன்பதரைக்கு 64. பத்தரைக்கு 118.

"தம்பி, உங்க வூட்டுக்காரம்மா அளக்குறது மழையையா, கெணத்தையா?" என்று குழுவில் அன்பழகன் கேலி செய்தார். பிரேம்குமாருக்குச் சிரிப்பு வரவில்லை. செயற்கைக்கோள் படத்தில் கொள்ளிடக்கரை வரை துண்டு மேகம்கூட இல்லை. மறுபடி கூப்பிட்டான். இப்போது மழைச் சத்தம் இல்லை. அவள் குரல் எங்கோ ஆழத்திலிருந்து, காது அடைத்தவனுக்குக் கேட்பதுபோல் மங்கலாக வந்தது.

"மானி நெறஞ்சு வழியுதுங்க. இன்னும் அளக்கவா?"

"வேணாம்மா. கீழ எறங்கு. நான் வரேன்."

"படியக் காணோங்க."

பைக்கை விரட்டினான். அரியலூர் தாண்டும்போது சிமெண்ட் லாரிகள் கிளப்பிய புழுதி பல்லில் நறநறத்தது. எங்கும் வெயில். போன் அடித்தான். எடுக்கவில்லை. மறுபடி அடித்தான். எடுக்கவில்லை.

தெரு காய்ந்து கிடந்தது. வாசலில் காலைக் கோலம் கலையவில்லை. மாமியார் களையெடுக்கப் போயிருந்தார். மாடிப்படி இருந்தது. எல்லாப் படியும் இருந்தது. காய்ந்த படிகள். ஏறினான்.

மொட்டை மாடி. சுள்ளென்ற வெயில். துளிக் காற்று இல்லை.

சிவரஞ்சனி இருந்தாள்.

பாதம் தரையில் இல்லை. ஒரு முழம் மேலே. அவிழ்ந்த கூந்தலும் சேலைத் தலைப்பும் தலைக்குமேல் விரிந்து, மெதுவாக, மிக மெதுவாக அலைந்துகொண்டிருந்தன. கண்கள் அவனையே பார்த்தன. திறந்த வாயிலிருந்து ஒரு குமிழி புறப்பட்டது. வெயிலில் மினுங்கியபடி மேலே போனது. இன்னும் மேலே. தென்னை மர உயரத்தில், வெறும் ஆகாயத்தில், எதிலோ முட்டி உடைந்தது.