மணி பொய் சொல்லாது

“மணி பொய் சொல்லாதும்மா” என்றாள் டாக்டர் யாழிசை. ஒரு நாளைக்கு நாலைந்து பேரிடமாவது இதைச் சொல்லிவிடுவாள். குரலில் கோபமே இருக்காது. குழந்தைக்கு ஊசி போடும் முன் பேசுவார்களே, அந்தக் குரல்.

எதிரே முத்தரசி முந்தானையை முறுக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். பேருந்துப் பணிமனையில் வேலை. பிறவியிலேயே இதய வால்வு பழுது. இரண்டு பிள்ளைகளைப் பெற்றதே பெரும்பாடு. மணிக்கட்டில், ஊர்த் திருவிழாவுக்குக் கட்டிய மஞ்சள் கயிறு வெளுத்துப்போய்க் கிடந்தது. அதை யாழிசை பார்த்தாள். பார்த்ததோடு சரி.

அவள் சொன்ன மணி, காப்புமணி. அரிசியளவுதான் இருக்கும். மணமான ஒவ்வொரு பெண்ணின் மேல்கையிலும் தோலுக்கடியில் வைத்துவிடுவார்கள். ரத்தத்தில் கருத்தடை ஹார்மோன் எவ்வளவு இருக்கிறதென்று ஓயாமல் அளந்து, குறைகிற அளவை மட்டும் தானே சுரக்கும். மாத்திரை போட மறந்துவிட்டேன் என்ற பேச்சுக்கே இடமில்லை. வேண்டாத கர்ப்பம் என்று இனி ஒன்று இல்லையென அரசு மார்தட்டிக்கொண்டது. இல்லாத ஒன்றுக்குக் கலைப்பு எதற்கு என்று சட்டமும் வந்தது. அப்படியும் ஒருத்தி உண்டாகிவிட்டால், யாழிசை போன்ற டாக்டர்கள் விசாரிக்கும் கருத்தீர்ப்பாயத்துக்கு வரவேண்டும். மணியில் கோளாறு என்றால் கலைக்கலாம். தப்பு அவளுடையது என்றால் பெற்றுத்தான் ஆகவேண்டும். உயிருக்கு ஆபத்து என்ற முறையீடெல்லாம் எடுபடாது. பேறுகாலச் சாவை மருத்துவம் ஒழித்துவிட்டதாக அந்தச் சட்டம் மனதார நம்பியது.

முத்தரசியின் மணியில் பதிவானதைப் படித்தபோது, நடுவில் சில நாள் அது சொட்டு மருந்துகூட விடவில்லை என்று தெரிந்தது. இப்படி வருகிறவர்கள் எல்லோருடைய மணியிலும் அதே கதைதான். ஒலிபெருக்கிக் காந்தத்தைக் கையில் கட்டினால் மணி தூங்கிவிடும் என்றொரு வதந்தி தெருவில் உலவியது. ஆயத்தின் டாக்டர்கள் அதை அப்படியே நம்பினார்கள். படித்தவர்களுக்கு வதந்தி கிடைத்துவிட்டால் அதற்குக் காரணகாரியம் வேறு கற்பித்துவிடுவார்கள்.

“காந்தம் வெச்சியா?”

“எந்தக் காந்தம் டாக்டர்?”

“வேற மருந்து ஏதாவது சாப்பிடறியா?”

“இல்லீங்க டாக்டர்.”

“அப்ப மணி எப்படித் தூங்குச்சு?”

“எனக்கு எப்படித் தெரியும்? இந்த நெஞ்சை வெச்சுக்கிட்டு இன்னொண்ணு தாங்காதுன்னு உங்க ஆஸ்பத்திரியிலதான் சொன்னாங்க. நானே போய் வம்பை விலைக்கு வாங்குவேனா?”

“மணி பொய் சொல்லாதும்மா.”

மறுநாள் முத்தரசி மூச்சு வாங்க ஓடிவந்தாள். ஏதோ ஞாபகம் வந்ததாம், டாக்டரிடம் சொல்ல வேண்டுமாம். யாழிசை அவளை உள்ளேயே விடவில்லை. “நேத்து சொன்னதுதான் வாக்குமூலம். ராத்திரி பூரா யோசிச்சிட்டு வந்து சொல்றதுக்குப் பேரு கதை” என்று கதவருகிலேயே திருப்பி அனுப்பினாள். முதல் வாக்குமூலம் மட்டுமே செல்லும் என்று அந்த வாரமே ஒரு விதியும் எழுதினாள். வேலை பாதியாகக் குறைந்ததால் ஆயம் அதைக் கை தட்டி ஏற்றுக்கொண்டது.

எட்டாம் மாதம் பிரசவ மேசையிலேயே முத்தரசி போய்ச் சேர்ந்தாள். சேதி வந்தபோது யாழிசை கேன்டீனில் இருந்தாள். “ஐயோ பாவம்” என்றாள். பிறகு டீயில் சர்க்கரை தூக்கல் என்று பையனைக் கடிந்துகொண்டாள்.

இத்தனை பிசிறில்லாமல் தீர்ப்புச் சொல்கிறவளை அரசு சும்மா விடுமா? அவளுடைய தீர்ப்புகளையெல்லாம் ஊட்டி ஒரு தீர்ப்புப்பொறி செய்தார்கள். வருகிற பெண்களுக்கு இதமாக இருக்கட்டும் என்று குரலையும் அவளிடமிருந்தே எடுத்துக்கொண்டார்கள். இனி ஆயத்தில் மனிதர்கள் வேண்டாம், மேல்முறையீடும் வேண்டாம் என்று முடிவாயிற்று. யாழிசைக்குப் பொன்னாடை போர்த்தி, மருத்துவக் கல்லூரிக்குப் பேராசிரியையாக அனுப்பிவைத்தார்கள். அவளும் உச்சி குளிர்ந்துதான் போனாள்.

அடுத்த ஆண்டு அவளுக்கே நாள் தள்ளிப்போனது.

முதலில் நம்பவில்லை. இரண்டு முறை சோதித்தாள். மகள் பிறந்தபோது யாழிசைக்கு வலிப்பு வந்து, நினைவு தப்பி, பிழைத்ததே மறுபிறவி. இன்னொரு கர்ப்பம் கூடவே கூடாதென்று அன்றே சொல்லியிருந்தார்கள். இப்போது நாற்பத்திரண்டு வயது. சாகப்போகிறோம் என்று அவளுக்குப் பயமாக இருந்தது, வெறும் பயம்.

“நீ உண்டாக்கின பொறிதானே? உனக்கு ஒரு நிமிஷ வேலை” என்றான் கணவன் செழியன்.

பொறியின் அறை பழைய அறைதான். அவள் நாற்காலி இருந்த இடத்தில் சாம்பல் நிறப் பெட்டி ஒன்று இருந்தது. அது அவள் கையிலிருந்த மணியைப் படித்துவிட்டு அவள் குரலிலேயே பேசியது.

“காந்தம் வெச்சியாம்மா?”

அவளை நீ என்று அழைத்து வெளியார் யாரும் பேசி வருடங்களாயிற்று. “இல்லை” என்றாள்.

“வேற மருந்து ஏதாவது சாப்பிடறியா?”

“இல்லை.” யோசிக்கவே இல்லை. நாக்கு நுனியில் தயாராக இருந்த பதில் அது.

“சில நாள் உன் மணி மருந்து விடலை. நாளைக்கு வா, முடிவு சொல்றேன்.”

என்ன முடிவு என்று அவளுக்கா தெரியாது? அன்று மாலை விளக்கேற்றக் கற்பூரம் தேடிப் பூஜை அலமாரியைத் திறந்தவள் அப்படியே நின்றுவிட்டாள். குங்குமச் சிமிழுக்குப் பக்கத்தில் ஒரு மாத்திரை அட்டை, பாதி தீர்ந்து கிடந்தது.

குலதெய்வக் கோயில் கும்பாபிஷேகம். மாமியார் போனில் கேட்டது காதில் ஒலித்தது. “தேதி இடிக்குதாம்மா? ஒரு மாத்திரையைப் போட்டுத் தள்ளி வெச்சுக்கோ. மூத்த மருமக நீ வராம எப்படி?” அவளும் கடையில் வாங்கிப் போட்டுக்கொண்டாள். கோயிலுக்கு, கல்யாணத்துக்கு, கிரகப்பிரவேசத்துக்கு என்று கல்லூரி நாளிலிருந்தே போடுவதுதான். அதை யாராவது மருந்துக் கணக்கில் சேர்ப்பார்களா? அது இருக்கும் இடமும் மருந்துப் பெட்டி அல்ல, சாமி அலமாரி.

அந்த மாத்திரையும் ஹார்மோன்தான். ரத்தத்தில் வேண்டிய அளவு இருக்கிறதே என்று மணி வாயை மூடிக்கொள்ளும். விழா முடிந்து மாத்திரையை நிறுத்தியதும் அளவு சடாரென்று இறங்கும். தூங்கிப்போன மணி விழித்துச் சுரக்கச் சில நாள் ஆகும். அந்த இடைவெளி போதும். கோளாறு மணியுடையது, பெண்ணுடையதல்ல. மணியைச் செய்தவர்கள் வெளிநாட்டுக்காரர்கள். சாமிக்காகத் தீட்டைத் தள்ளிப்போடும் பெண்களை அவர்கள் கனவிலும் கண்டதில்லை. இங்கிருந்த பெண் டாக்டர்கள் எல்லோரும் அதே மாத்திரையைப் போட்டுக்கொண்டுதான் மற்றவர்களிடம் காந்தத்தைத் தேடினார்கள்.

வெளுத்த மஞ்சள் கயிறு நினைவுக்கு வந்தது. முத்தரசி எதைச் சொல்ல ஓடிவந்தாள் என்று இப்போது புரிந்தது. யாழிசை அழுதாள். முதலில் தனக்காக அழுதாள். அவளுக்காக அழுதது அப்புறம்தான்.

மறுநாள் அட்டையைப் பெட்டியின் கண்ணுக்கு நேரே நீட்டினாள். எல்லாவற்றையும் விளக்கினாள், வகுப்பில் பாடம் நடத்துவதைவிடத் தெளிவாக.

“நேத்து சொன்னதுதான் வாக்குமூலம்மா” என்றது அவள் குரல். “ராத்திரி பூரா யோசிச்சிட்டு வந்து சொல்றதுக்குப் பேரு கதை.”

“நான் டாக்டர் யாழிசை! அந்த விதியை எழுதினதே நான்தான். அது தப்பு!”

“இதுவும் ரெண்டாவது வாக்குமூலம்தானே.”

“ரத்தத்தைச் சோதிச்சுப் பாரு.”

“அந்த மாத்திரை ரத்தத்துல இத்தனை நாள் தங்காது. உனக்குத் தெரியாததா? மணி பொய் சொல்லாதும்மா. உடம்பைப் பார்த்துக்கோ.”

வெளியே வந்தாள். நடையில் ஒரு சின்னப் பெண் தன் முறைக்காகக் காத்திருந்தாள். வயது இருபதுக்கு மேல் போகாது. மணிக்கட்டில் புது மஞ்சள் கயிறு.

யாழிசை அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். “உள்ள போனதும் முதல்லயே சொல்லிடு. திருவிழாவுக்காகத் தள்ளிப்போடற மாத்திரை சாப்பிட்டேன்னு சொல்லு. சாப்பிட்டேதானே?”

அந்தப் பெண்ணின் முகம் வெளிறியது. இந்தக் குரலை அவளுக்குத் தெரியும். ஊரில் அக்காவுக்குத் தீர்ப்புச் சொன்ன குரல். அத்தனை பெண்களும் பயந்து நடுங்குகிற குரல். வாயைப் பிடுங்கத்தான் வெளியிலும் ஆள் வைத்திருக்கிறார்கள் என்று நினைத்துக்கொண்டாள். கையை வெடுக்கென்று உருவினாள்.

“சத்தியமா நான் ஒண்ணும் சாப்பிடல டாக்டர்.”

“ஐயோ, உன் நல்லதுக்குத்தான் சொல்றேன்மா, கேளு…”

அதைச் சொன்ன தொனியும் அதே தொனி. பெண் அறைக்குள் ஓடினாள். கதவு சாத்தப்படும் முன் உள்ளே பேசியது யாழிசையின் காதில் விழுந்தது.

“வேற மருந்து ஏதாவது சாப்பிடறியாம்மா?”

“இல்லீங்க.”