ஏறி வரும் அடைப்பு

நேற்று பாதி ஆழத்தில் இருந்த அடைப்பு இன்று மேலே ஏறியிருந்தது.

நீராவிக் கிணற்றில் அடைப்பு ஒன்றும் புதிதல்ல. பூமிக்கடியிலிருந்து கொதிநீரும் ஆவியும் சேர்ந்து சீறி வரும்போது குழாயின் உட்சுவரில் சுண்ணாம்பு படியும். ஆனால் படிந்தது படிந்த இடத்தில்தான் கிடக்கும்.

கிணற்றருகே தகரக் கொட்டகையில் உட்கார்ந்து அந்த ஓட்டத்தைக் கணினியில் கணக்கிடுவது அவள் வேலை. சோதனைக்காகச் சிறிதே திறந்திருக்கும் வால்வை முழுதாகத் திறப்பது அவள் தம்பியின் வேலை. ஒரு வாரமாகவே கணக்கும் மீட்டரும் ஒத்துப்போகவில்லை. "இன்னைக்குத் திறந்துட்டா நாளைக்கு வீட்டுக்குப் போயிடலாம்க்கா" என்று தம்பி நச்சரித்தான். தொழிலில் எல்லோரும் செய்வதைத்தான் அவளும் செய்தாள். கணக்கில் குழாயின் உராய்வைக் கொஞ்சம் கூட்டிப் போட்டு, இரண்டையும் ஒத்துப்போக வைத்து, திறக்கலாம் என்று சொல்லிவிட்டாள்.

மனசு கேட்கவில்லை. உராய்வைப் பழையபடி குறைத்து, பதிலுக்கு ஓர் அடைப்பை வைத்துப் பார்த்தாள். ஒரு வார மீட்டர் அளவும் கச்சிதமாகப் பொருந்தியது. தினமும் ஓர் இடம். தினமும் இன்னும் மேலே. இன்று, வால்வுக்கு நேர் கீழே.

அவள் வாக்கிடாக்கியை எடுத்தாள்.

ஜன்னலுக்கு வெளியே, அழுகிய முட்டை நாற்றம் வீசும் வெண்புகைக்குள், கூரைத் தகரம் விடாமல் அதிரும் இரைச்சலுக்கு நடுவே, தம்பி குனிந்து நின்றான். திறப்பதற்கு முன் ஸ்பேனரால் குழாயைத் தட்டி, "வீட்ல யாராவது இருக்கீங்களா?" என்று கேலி பண்ணுவது அவன் வழக்கம்.

டக் டக். டக்.

வாக்கிடாக்கியில் அவன் சிரிப்பு கேட்டது. "அக்கா, உள்ளேருந்து யாரோ திருப்பித் தட்டுறாங்க."

"திறக்காதே! என் கணக்கு தப்புடா. ஓடி வந்துடு!"

"நான் எங்கேக்கா திறந்தேன்? வால்வு சக்கரம் தானா சுத்துது."

அவள் கதவைத் தள்ளிக்கொண்டு ஓடினாள்.

வால்வு பிய்த்துக்கொண்டு பறந்தது. ஆவி அவன் முகத்துத் தோலை உரித்தது. அவன் அலறினான். சட்டென்று சீறல் நின்றது. கிணறு மூச்சை உள்ளே இழுத்தது.

குழாயின் வாய் ஒரு சாண் அகலம்தான். ஒரு பூசணிக்காய்கூட நுழையாது.

தம்பி நுழைந்தான்.

தலை. தோள்கள் நொறுங்கின. இடுப்பு. ரத்தம் பீறிட்டு அவள் முகத்தில் சுடச்சுட அடித்தது. விளிம்பில் பூட்ஸ் இரண்டும் மாட்டி நின்றன.

"தம்பி... டேய் தம்பி..."

ஸ்பேனர் அவள் காலடியில் கிடந்தது. குழாயின் அடியாழத்திலிருந்து சத்தம் வந்தது.

டக் டக். டக்.

பிறகு, கொஞ்சம் மேலே வந்து, மறுபடியும்.