இன்னும் மூடவில்லை

கார் சந்திரகிரியைத் தாண்டியபோது, கேட்காத கேள்வி ஒன்றுக்குத் தாட்சாயணி பின்சீட்டிலிருந்து பதில் சொன்னாள்.

"என் மேலதாங்க நாறுது. கட்டு நனைஞ்சிக்கினு கீது. கண்ணாடிய எறக்கிக்கோங்க."

காரை ஓட்டிக்கொண்டிருந்த கோவர்த்தனன் வாயைத் திறந்திருக்கவில்லை. நாற்றத்தைப் பற்றி நினைக்க மட்டும்தான் செய்தான். இருபத்திரண்டு வருடம் கூட இருந்தவளுக்கு முகத்தைப் பார்த்தாலே தெரியும் என்று சமாதானம் செய்துகொண்டான். கண்ணை மூடி, இடப்பக்கக் கதவில் சாய்ந்து கிடந்தவளுக்கு அவன் முகம் எங்கே தெரியும் என்பது கொஞ்ச நேரம் கழித்துத்தான் உறைத்தது.

சாயங்கால வெயிலில், திருமலையிலிருந்து இறங்கிய வேன்களின் ஜன்னல்களில் சந்தனம் பூசிய மொட்டைத் தலைகள் வரிசையாகப் போயின. முடியைக் கொடுத்துவிட்டு வாழ்க்கையைக் கேட்கிற கூட்டம். அவர்களை அவனுக்குப் பிடிக்காது. காலையில் ஆஸ்பத்திரியில் பேசிய டாக்டர் யமுனாவையும் பிடிக்கவில்லை. மண்டல ஆபீசில் சீனியர் அசிஸ்டென்டாக இருப்பவனுக்கு, ஒன்றாம் வகுப்புப் பிள்ளைக்குச் சொல்வதுபோல் படம் வரைந்து சொன்னாள். மார்பை அறுத்த இடத்தில் மறுபடி முளைத்திருக்கும் கட்டிகளுக்குள் மருந்து சரியாகப் போவதில்லை. ஊசி போட்டுவிட்டுக் கரண்டைத் துடிப்புத் துடிப்பாகக் கொடுத்தால், செல்லின் சவ்வில் கண்ணுக்குத் தெரியாத துளைகள் திறக்கும், மருந்து உள்ளே போகும், சில நிமிடங்களில் துளைகள் தாமாக மூடிக்கொள்ளும்.

"ரெண்டு மாசத்துல மறுபடி கூட்டினு வரணும் சார். விட்டுட்டீங்கன்னா பரவிடும்."

தலையாட்டினான். கரண்டு வைத்து முடிந்து, மயக்கம் தெளிந்த மனைவியிடம் வேறு மாதிரி சொன்னான்: "அவ்ளோதான். இனிமே வர வேணாம்னுட்டாங்க." போகிற உடம்பு. அதற்கு எத்தனை நாள் லீவு போடுவது?

பூதலப்பட்டு நெருங்கும்போது, மாங்கூழ் ஃபேக்டரிகள் கொட்டிய தோலும் கொட்டையும் சாலையோரம் புளித்துக் கிடந்தன. அந்த இனிப்பு நாற்றமும் கட்டிலிருந்து வந்த மருந்து நெடியும் காருக்குள் ஒன்றாகிக் கனத்தன. டயர் இரைச்சலுக்கு அடியில் ஒரு சின்னச் சத்தம் கேட்டது. காய்ந்த நாக்கு மேலண்ணத்திலிருந்து பிரிகிற சத்தம்.

"போற ஒடம்பு," என்றாள் தாட்சாயணி. "அதுக்கு எத்தினி நாள் லீவு போடறது?"

ஸ்டியரிங் கையில் வழுக்கியது.

"இன்னாடி சொல்ற?"

"நான் எங்க சொல்றேன்? தானா உள்ள வருது. கரண்டு வெச்ச எடத்துல. இன்னும் மூடல."

"மயக்கத்துல ஒளறாத. தூங்கு."

"ரெண்டு மாசத்துல வரணும்னாங்களாமே. கூட்டினு வருவீங்களா? தேன்மொழி கண்ணாலம் வரிக்கும் இருந்தா போதுங்க. பெத்த பொண்ணு கழுத்துல தாலி ஏறதப் பாத்துட்டா போதும்."

"கூட்டினு வரேன்."

பின்சீட்டில் அவள் சிரித்தாள். "மாட்ட."

மரியாதை உதிர்ந்திருந்தது. அவன் அவளோடு பேசுகிற அதே தொனி.

எதையும் நினைக்கக் கூடாது என்று தீர்மானித்தான். கண்ணில் படுவதை மட்டும் பார்க்க வேண்டும். கிலோமீட்டர் கல். பச்சைப் பலகை. புளியமரம்.

"கல்லு," என்றாள். "பலகை. புளியமரம்."

பிறகு குரல் நின்றது. அது இன்னும் மோசமாக இருந்தது. கண்ணாடியில் பார்த்தான். கண்கள் மூடியே இருந்தன. உதடுகள் சத்தமில்லாமல் அசைந்துகொண்டிருந்தன.

சனியன், என்று நினைத்தான்.

உதடுகள் அதைச் சொல்லி முடித்திருந்தன.

மறுபடி பார்த்தான். தப்பில்லை. உதடுகள் முதலில். நினைப்பு பிறகு.

அவை நிதானமாக அசைந்தன. இங்கேயே இறக்கி விட்டுட்டா என்ன.

அதற்குப் பிறகுதான் அந்த எண்ணம் அவனுக்கு வந்தது. சொந்த எண்ணம் மாதிரியே வந்தது. அதே அலுப்பு. அதே இளக்காரம். கால் பிரேக்கை மிதித்திருந்தது.

இரண்டு பக்கமும் தோப்பு. ஆள் இல்லை. இறங்கினான். பின்கதவைத் திறந்தான். அக்குளில் கை கொடுத்து இழுத்தான். கனமே இல்லை. பாதி உடம்பு வெளியே வந்தது. கட்டின் ஈரம் அவன் சட்டையில் ஊறியது.

உதடுகள் நின்றன.

அவனும் நின்றான். அவளைப் போடவும் தெரியவில்லை, திரும்ப உள்ளே வைக்கவும் தெரியவில்லை. தலைக்குள் ஒன்றுமே இல்லை. துடைத்துவிட்டதுபோல் இருந்தது. அடுத்து தான் என்ன நினைக்கப் போகிறோம் என்பது தெரிவதற்காக, அவள் வாயருகே காதைக் கொண்டுபோய், குனிந்தபடி காத்து நின்றான்.