உப்புக்குழாய்

செவ்வாய்க் கோளின் பதினேழாம் குமிழ்க் குடியிருப்பில் வெள்ளிக்கிழமை காலை என்றால் மண் பரிசோதனை. மண்காணி என்னும் நான்குகால் எந்திரம் வீடு வீடாக வந்து கீரைப் பாத்தியில் ஒரு படி தண்ணீர் ஊற்றும். கால் மணி நேரத்தில் மண் அதைக் குடித்துவிட வேண்டும். இல்லாவிட்டால் பாத்தி செத்ததாகப் பதிவாகும். கீரை இல்லாத வீட்டுக்கு மூச்சுக்காற்று பாதிதான்.

கீழ்வரிசைப் பவுனம்மாளின் மகள் கோமளாவுக்கு இளைப்பு. பாதிக் காற்று தாங்காது. ஆனால் பவுனம்மாளின் பாத்தி ஒருநாளும் தவறியதில்லை. அவர்கள் வரிசைக்கு விதித்தது உப்புக்குழாய். பாறையடியில் ஊறிச் சுண்ணாம்பு கலந்து வரும் நீர். மேல்வரிசைக்கோ மூன்று முறை வடித்த தெளிநீர். அந்தக் குழாயில் பவுனம்மாள் ஒருமுறை கைகழுவிவிட்டாள் என்று குமிழ்த் தலைவர் தில்லைநாயகம் குழாயையே கழற்றி மாற்றினார். அட, கோள் விட்டுக் கோள் போனாலும் மனிதப் புத்தி மூட்டை முடிச்சோடு கூடவேதான் வரும்!

தெளிநீருக்கு அந்த மூன்றாம் வடிப்பைச் சேர்த்து ஒரு மாதம் ஆன வெள்ளிக்கிழமை, மேல்வரிசையில் ஒரு பாத்தியும் குடிக்கவில்லை.

"எங்க தண்ணியில ஒரு தூசி கிடையாதே" என்றார் தில்லைநாயகம்.

"அதுதான் கோளாறு" என்றது மண்காணி. "இந்த மண்ணில் சோடியம் அதிகம். தெளிநீர் பட்டால் மண்கட்டிகள் கரைந்து மாவாகித் துளைகளை அடைத்துவிடும். சுண்ணாம்பு நீர் கட்டிகளைச் சேர்த்துப் பிடிக்கும். இடுக்கு வழியே தண்ணீர் இறங்கும். பவுனம்மாள் பாத்தியைப் பாருங்கள்."

பவுனம்மாளுக்குப் பெருமை தாங்கவில்லை. "நீங்களும் வந்து பிடிச்சுக்குங்க ஐயா. குழாய் பொதுவா இருக்கட்டும்" என்றாள்.

மாலைக்குள் உப்புக்குழாயைச் சுற்றி வேலி எழுந்தது. மேல்வரிசைக்கு மட்டும் என்று பலகையும் வைத்தார்கள். தில்லைநாயகம் கீழ்வரிசைக்கு வந்து கைகூப்பினார்.

"இத்தன வருசமா உங்களுக்குத் தெளிநீர் தராதது எங்க தப்பு. இனிமே அது உங்களுக்குத்தான். இங்க எல்லாரும் சமம்."

கீழ்வரிசையிலேயே சிலர் கைதட்டினார்கள்.

"ஐயா, அது மண்ணைக் கொன்னுடுமே" என்றாள் பவுனம்மாள். யாரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

ஐந்தாம் வாரம் மண்காணி அவள் பாத்தியில் ஊற்றிய தண்ணீர் அப்படியே நின்றது. கோமளா பக்கத்தில் இழுத்து இழுத்து மூச்சு விட்டுக்கொண்டிருந்தாள். பதிவேட்டில் என்ன காரணம் எழுதுவது என்று எந்திரம் தலைவரைக் கேட்டது.

"பராமரிக்கத் தெரியலன்னு எழுது" என்றார் தில்லைநாயகம். பிறகு உண்மையான வருத்தத்தோடு சொன்னார்: "இவங்களுக்கு எவ்வளவு செஞ்சாலும் இப்படித்தான்."